இறக்குமதி ஆட்டக்காரரும் ஒரு சுனாமி ஊரும்!

எங்க ஊர்ப் பக்கம் பொங்கல் கபடி டோர்னமென்ட் பார்த்திருக்கீங்களா? பார்த்திருந்தா 'ஆள் இறக்குறது'ன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காலிறுதி வரைக்கும் உள்ளூர்ப் பசங்கதான் ஆடுவாங்க. அரையிறுதி வந்ததும் திடீர்னு ஒரு ஆள் பைக்கில் வந்து இறங்குவார். தேக்கு மரம் மாதிரி தொடை. யாருன்னு கேட்டா, "நம்ம பெரியப்பாவுக்கு மச்சினன் முறை" என்பார்கள். எந்தப் பெரியப்பா என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி, கைக்குள் காசு வைப்பார்கள். ஜெயிச்சா அவர் 'நம்ம பையன்'. தோத்தா 'கூலிக்கு வந்தவன்தானே!'

இதையே ஒரு நாடு முழுக்க, கோட் சூட் போட்ட கம்பெனிகள், பக்காவா அக்ரிமென்ட் போட்டு, கோடிக்கணக்கில் பண்ணினா எப்படி இருக்கும்? அதுதான் ஜப்பான் ரக்பி!

2025 ஜூன் மாதம் தொடங்கி ஆறு வாரம் சென்டாய் நகரத்தில் இருந்தேன். சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷ மாணவனுக்கு, கடல் அலையையும் தடுப்புச் சுவரையும் பற்றிப் படிக்கிற ஒரு லேபில் குட்டி இன்டர்ன்ஷிப். அங்கே எனக்கு வாய்த்த சீனியர் ஒரு ரக்பி பைத்தியம். (ஜப்பானில் சீனியரை 'சென்பாய்' என்பார்கள். நம்மூர் 'அண்ணா'வுக்குப் பக்கத்தில் வரும். டீ வாங்கித் தருவதிலும் அப்படியே.) நான் போய் இறங்கிய வாரமே, ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை, ஜப்பான் ரக்பி லீக் ஒன் ஃபைனல். ஹாஸ்டல் டிவி முன்னால் என்னை இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

ரக்பி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. உரிச்ச தேங்காய் மாதிரி ஒரு பந்து. பக்கத்துக்குப் பதினஞ்சு பேர். முன்னால் ஓடலாம், ஆனால் கையால் முன்னால் பாஸ் பண்ணக் கூடாது. பின்னால்தான் தூக்கிப் போட வேண்டும். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினா 'டிரை', அஞ்சு பாயின்ட். இவ்வளவு புரிந்ததே பெரிய விஷயம்.

அன்றைக்கு மோதியது தோஷிபாவும் குபோட்டாவும். ஆமாங்க, அதே தோஷிபா, அதே குபோட்டா! எங்க டெல்டா வயலில் அறுவடை மெஷின் மேலே பார்க்கிற பெயர், இங்கே ஜெர்ஸியில் இருக்கிறது. ஜப்பானில் ரக்பி டீம்கள் கம்பெனிகளுக்குச் சொந்தம். டொயோட்டா, பானசோனிக், கேனான், ரிகோ, சன்டோரி... எதிர் வீட்டு ஜெராக்ஸ் கடை போர்டைப் படிப்பது மாதிரி இருந்தது. ஊர்ப் பாசத்தில் நான் குபோட்டாவுக்குக் கத்தினேன். 18-13 என்று தோஷிபா ஜெயித்துவிட்டது. ஜெயிக்க வைத்தவர் ஜப்பான்காரர் இல்லை. ரிச்சி மோவுங்கா, நியூசிலாந்து. கை எலும்பு உடைந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அந்தக் கையோடு வந்து ஆடி, டிரையும் போட்டார். டோக்கியோ நேஷனல் ஸ்டேடியத்தில் எழுந்து நின்று கை தட்டிய கூட்டம் 50 ஆயிரம்!

மோவுங்கா யார் தெரியுமா? 'ஆல் பிளாக்ஸ்' என்று ரக்பி உலகமே கும்பிடுகிற நியூசிலாந்து டீமின் 10-ம் நம்பர். 2023 உலகக் கோப்பை ஃபைனலில் ஒரே ஒரு பாயின்டில் கோப்பையை விட்டார்கள். அந்த மேட்ச் முடிந்த கையோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு தோஷிபாவுக்கு வந்துவிட்டார். வந்த முதல் சீசனிலேயே, 2024 மே மாதம், தோஷிபா சாம்பியன். இதில் ஒரு கசப்பும் உண்டு. உள்நாட்டில் ஆடினால்தான் ஆல் பிளாக்ஸ் டீமில் இடம் என்பது நியூசிலாந்து ரக்பியின் ரூல். ஜப்பான் சம்பளமா, கறுப்பு ஜெர்ஸியா? ரெண்டில் ஒன்றுதான்.

இவர் மட்டுமா? அதே ஊரின் சூப்பர் ஸ்டார் டான் கார்ட்டர் 2018-ல் கோபே ஸ்டீல் டீமுக்கு வந்தார். வந்த சீசனிலேயே ஃபைனலில் 55-5 என்று எதிராளியை நொறுக்கிக் கோப்பையைக் கையில் கொடுத்தார். போடன் பேரட் 2021-ல் ஒரு சீசன் லீவு போட்ட மாதிரி வந்து சன்டோரிக்கு ஆடிவிட்டு, ஊருக்குத் திரும்பி மறுபடி ஆல் பிளாக்ஸ் ஜெர்ஸியை மாட்டிக்கொண்டார். தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி, உலகக் கோப்பையை ஜெயித்த வருஷமே சன்டோரிக்கு வந்தார். தென்னாப்பிரிக்காவில் அந்த ரூல் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் சம்பாதி, கூப்பிட்டா வந்து ஆடு!

"காசுக்காகத்தானே எல்லாரும் வர்றாங்க?" என்று கேட்டேன். சென்பாய் கோபப்படவில்லை. "ஆமா. காசும் உண்டு. சீசன் சின்னது, டிசம்பர்ல ஆரம்பிச்சு ஜூன் தொடக்கத்துல முடிஞ்சிடும். முப்பது வயசு முழங்காலுக்கு ரெஸ்ட் கிடைக்கும். குழந்தைங்க பயமில்லாம ஸ்கூலுக்கு நடந்து போகும்" என்று விரல் விட்டு எண்ணினார். அப்புறம் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. 2022-ல் லீக் ஒன் தொடங்கியபோது வீரர்களை ஏ, பி, சி என்று பிரித்தார்களாம். ஜப்பான் டீமுக்கு ஆடத் தகுதி உள்ளவர்கள் ஏ. இனிமேல் அந்தத் தகுதி வரக்கூடியவர்கள் பி. வேறு நாட்டுக்கு ஏற்கெனவே ஆடி முடித்த பெரிய தலைகள் சி. மைதானத்தில் ஒரு நேரத்தில் சி ஆட்கள் மூணு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உலகமே தெரிந்த ஆளாக இருந்தாலும் சி என்றால் சிதான்!

அன்றிலிருந்து லேபில் எனக்குப் பெயர் 'கேட்டகிரி சி'. சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள், நானும் சிரித்துக்கொண்டே திரும்புவேன். ஆனா ராத்திரி படுத்தால் அது கொஞ்சம் உறுத்தும். காரணம் எங்க அப்பா. இருபது வருஷத்துக்கு மேல் பஹ்ரைனில் படகில் வேலை செய்கிறவர். சொந்தக் கடல் வாசல் முன்னால் இருக்கிறது, மீன் பிடிப்பது இன்னொருத்தர் கடலில். நானும் படிப்பு முடிந்தால் ஜப்பான் கம்பெனியா, இங்கேயா என்று ஊசலாடிக்கொண்டிருந்த நேரம் அது. அம்மா வேறு, "நீயுமாடா?" என்று ஒரே வார்த்தையில் ஆளைச் சாய்த்திருந்தார்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் இதையெல்லாம் சென்பாயிடம் கொட்டிவிட்டேன். அவர் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். "வெளிநாட்டு ஆட்டக்காரரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா டோக்கியோ போகாதே. கமாய்ஷிக்குப் போ. சனிக்கிழமை நானே கூட்டிப் போறேன்."

*

சென்டாயில் இருந்து ஷின்கான்சென் புல்லட் ரயிலில் ஷின்-ஹனமாகி வரைக்கும் சுமார் ஒரு மணி நேரம். அங்கே இறங்கி கமாய்ஷி லைன். புல்லட் ரயிலில் இருந்து இறங்கி அதில் ஏறுவது, ஆம்னி பஸ்ஸில் இருந்து இறங்கி மினி பஸ் ஏறுகிற மாதிரி. டீசல் இன்ஜின், ரெண்டே பெட்டி, உள்ளே நாங்க, நாலு பாட்டிகள், யூனிஃபார்மில் தூங்கி வழியும் ஒரு ஸ்கூல் பையன். மலை, வயல், மறுபடி மலை. ஜூன் மாதம் அங்கே மழைக்காலம். நட்டு முடித்த நாற்று தண்ணிக்குள் நிற்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரியே இருக்கு என்று நினைத்தால், அடுத்த நிமிஷம் சுரங்கம் வந்து இருட்டாக்கிவிடும். இந்த லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எஸ்பெரான்டோ மொழியில் ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். கமாய்ஷிக்கு வைத்த பெயருக்கு அர்த்தம், 'கடல்'.

ஆனால் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது கடல் இல்லை, இரும்பு. எதிரிலேயே நிப்பான் ஸ்டீல் ஆலை. 1857-ல் மேற்கத்திய பாணி ஊதுலையை ஜப்பானில் முதன்முதலாக எரிய வைத்தது இந்தப் பகுதியில்தான். 1960-களின் தொடக்கத்தில் இந்த ஊர் ஜனத்தொகை 90 ஆயிரத்துக்கு மேல். 1989-ல் கடைசி ஊதுலையை அணைத்தார்கள். ஆலை இன்னும் ஓடுகிறது, டயருக்குள் வைக்கிற கம்பிக்கான இரும்பு இங்கே தயாராகிறது. ஜனத்தொகைதான் 30 ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. தெருவில் நடந்தால் தெரிகிறது. அகலமான ரோடு, நல்ல நடைபாதை, ஆளைத்தான் காணோம்.

மழைக்கு ஒதுங்கி ஒரு ராமென் கடையில் நுழைந்தோம். கமாய்ஷி ராமென் என்றால் ரொம்ப மெல்லிசு நூடுல்ஸ், தெளிவான சோயா சூப். இடியாப்பத்தை ரசத்தில் போட்ட மாதிரி என்று அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். ('கறி இல்லையா?' என்று பதில் வந்தது. இருந்தது.) ஏன் இவ்வளவு மெல்லிசு? ஷிஃப்ட் முடிந்து பசியோடு வருகிற ஆலைத் தொழிலாளிக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காதாம். மெல்லிசாக இருந்தால் சட்டென்று வெந்துவிடும். ஒரு ஊரின் வரலாறே கிண்ணத்துக்குள்!

பக்கத்து மேஜையில் ஒரு தாத்தா. நான் இந்தியா என்று தெரிந்ததும் "கறி! ஐ.டி!" என்றார். ரக்பி பார்க்க வந்தேன் என்று சென்பாய் சொன்னதும் ஆள் மாறிவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து ஏழு விரல் காட்டினார். 1979-ல் இருந்து 1985 வரை, ஏழு வருஷம் தொடர்ந்து ஜப்பான் சாம்பியன் இந்த ஊர் ஆலை டீம்தான்! 'வடக்கின் இரும்பு மனிதர்கள்' என்று நாடே கூப்பிட்டிருக்கிறது. பெரும்பாலும் இந்த வடக்குப் பக்கத்து ஹைஸ்கூல் பசங்க. பகலில் ஆலையில் வேலை, சாயந்திரம் பிராக்டிஸ். தாத்தாவும் ஆலையில் இருந்தவர்தான், ஆனால் ஆடியதில்லை. "ஏன் தாத்தா?" என்று கேட்டதற்குத் தன் உயரத்தைக் கையால் காட்டிச் சிரித்தார். என் தோள் வரைக்கும்தான் வருவார். மேட்ச் நடந்தால் மீனவர்கள் படகில் ஏற்றுகிற கலர் கலரான கொடியை எடுத்துப் போய் கேலரியில் ஆட்டுவார்களாம். நிறைய மீன் பட்டுக் கரை திரும்பும் படகு பறக்கவிடுகிற கொடி அது. இரும்பு ஊர் டீமுக்கு மீன்காரக் கொடி! எங்க ஊரில் நம்ம ஆளு கபடி ஜெயிச்சா, பக்கத்துத் தெரு ஆள் துண்டைச் சுழற்றுவாரே, அந்த மாதிரிதான் என்று எனக்குப் புரிந்தது.

ஊதுலை அணைந்தது, டீமும் இறங்கியது. 2001-ல் அதை ஊர் மக்கள் கிளப்பாக மாற்றி 'கமாய்ஷி சீவேவ்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். நாட்டின் டாப் லீகுக்குக் கீழே இருக்கிற லீகில்தான் ஆட்டம். அங்கேயும் ஆள் இறக்கினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் பீட்டா அலட்டினி. ஆல் பிளாக்ஸுக்காக 17 டெஸ்ட் ஆடியவர், சாதாரண ஆளில்லை! இன்னொருவர் ஸ்காட் ஃபார்டி, ஆஸ்திரேலியா, சிட்னிக்காரர். 2009-ல் அவர் இங்கே வந்தபோது உலகத்துக்கு அவரைத் தெரியாது. ஊரில் பெரிய டீமில் நிலையான இடம் கிடைக்காமல் பிழைப்புக்கு வந்தவர். டான் கார்ட்டர் வந்தால் ஏர்போர்ட்டில் கேமரா நிற்கும். ஃபார்டி வந்ததும் இந்த ரெண்டு பெட்டி ரயில் ஓடுகிற ஊருக்கு.

இந்த இடத்தில் என் மனசில் ஒரு கணக்கு ஓடியது. மோவுங்கா, கார்ட்டர் எல்லாம் வந்த இடத்தில் கேட்டது கோப்பை, கொடுத்தார்கள். கணக்கு நேர். ஃபார்டியிடம் இந்த ஊர் என்ன கேட்டிருக்கும்? ஏதோ நாலு மேட்ச் ஜெயிச்சுக் கொடு, மேல் லீகுக்குப் போகணும். அவ்வளவுதான் இருக்கும்.

*

கமாய்ஷியில் இருந்து சான்ரிகு ரயில்வேயில் ரெண்டாவது ஸ்டேஷன் உனோசுமாய். பத்துப் பன்னிரண்டு நிமிஷம். ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போதெல்லாம் ஒரு பக்கம் சுவர் தெரியும், கடலை மறைக்கிற சுவர். நான் படிக்கிற சமாசாரம் இதுதான், ஆனாலும் பார்த்ததும் வயிறு ஒரு மாதிரி ஆகியது.

கமாய்ஷி துறைமுகத்தில் ஓர் அலைத்தடுப்பு உண்டு. 63 மீட்டர் ஆழத்தில் இருந்து எழுப்பியது, உலகத்திலேயே ஆழமான தடுப்பு என்று கின்னஸில் ஏறியது. முப்பது வருஷ வேலை, சுமார் 12,000 கோடி யென் செலவு, 2009-ல் முடித்தார்கள். ஃபார்டி வந்த அதே வருஷம்! ரெண்டே வருஷத்தில், 2011 மார்ச் 11 மதியம் 2:46-க்கு 9.0 அளவில் நிலநடுக்கம். அப்புறம் வந்த அலை அந்தத் தடுப்பை உடைத்துப் போட்டது. பின்னால் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், அந்தச் சுவர் அலையைச் சுமார் ஆறு நிமிஷம் தாமதப்படுத்தியது என்கிறார்கள். எங்க கிளாசில் இதை 'ஃபெயிலியர் கேஸ் ஸ்டடி' என்று படித்திருக்கிறேன். ஆறு நிமிஷத்தில் ஒரு ஆள் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று அம்மாவிடம் கேட்டால் தெரியும், அது ஃபெயிலியரா இல்லையா என்று.

உனோசுமாயில் இறங்கினால் ஸ்டேஷன் வாசலிலேயே நினைவிடம். இந்த நகரத்தில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரத்துக்கு மேல். பெயர்கள் வரிசையாக. எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது, ஆனால் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் நாலைந்து அடுத்தடுத்து வந்தால் அது ஒரே குடும்பம் என்று சென்பாய் சொல்லித் தந்தார். அதுக்கப்புறம் அந்தப் பலகையைப் பார்க்கவே முடியவில்லை.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் ஸ்டேடியம். மலை பின்னால், கடல் முன்னால், நடுவில் பச்சைப் புல். இங்கே முன்னால் ரெண்டு பள்ளிக்கூடம் இருந்தது, ஒன்று ஆரம்பப் பள்ளி, ஒன்று நடுநிலைப் பள்ளி. நிலம் ஆடியதும் பெரிய பசங்க மைக் அறிவிப்புக்கெல்லாம் காத்திருக்காமல் ஓட ஆரம்பிக்க, அதைப் பார்த்துச் சின்னப் பசங்களும் ஓட, பெரியவர்கள் சின்னவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் மேட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட 600 பிள்ளைகள் பிழைத்தார்கள். பள்ளிக்கூடம் ரெண்டும் முழுகிப் போனது. அந்த இடத்தில்தான் 2018-ல் இந்த ஸ்டேடியத்தைக் கட்டினார்கள்.

சீசன் முடிந்துவிட்டதால் மேட்ச் எதுவும் இல்லை. நான், சென்பாய், புல் வெட்டுகிற ஒருத்தர், மழைத் தூறல். இவ்வளவு தூரம் வந்து காலி மைதானத்தைப் பார்க்கிற முதல் ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்டர் நானாகத்தான் இருப்பேன்! மரத்தால் செய்த சீட்டில் உட்கார்ந்தோம். பக்கத்துக் காட்டில் 2017-ல் தீப்பிடித்தபோது எரிந்த மரங்களில் இருந்து எடுத்த பலகையாம். இந்த ஊரில் எதையும் வீணாக்குவதில்லை போல.

அங்கேதான் சென்பாய் ஃபார்டி கதையை முழுசாகச் சொன்னார். அலை வந்த பிறகு ரோடு இல்லை, போன் இல்லை, கரண்ட் இல்லை. தெற்கே ஃபுகுஷிமாவில் அணு உலைக் கட்டடம் வெடிக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் பலரும் ஜப்பானை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். ஆஸ்திரேலியத் தூதரகம் ஃபார்டியையும் அழைத்துப் போகத் தயாராக இருந்தது. அவர் போகவில்லை. டீம் ஆட்களோடு அங்கேயே இருந்துவிட்டார். ரக்பி உடம்பு எதற்கு? நிவாரண லாரியில் இருந்து மூட்டை இறக்க, நடக்க முடியாத வயசானவர்களைத் தூக்க. வாரக்கணக்கில் அதுதான் வேலை. ஊர் விட்டு ஊர் வந்து கூலிக்கு ஆடுகிறவருக்கு அக்ரிமென்ட்டில் அப்படியொரு வரி இருந்திருக்காது.

அதற்கப்புறம்தான் அவர் உலகத்துக்குத் தெரிந்த ஆளாக ஆனார். 2012-ல் ஆஸ்திரேலியா திரும்பி பிரம்பீஸ் டீமில் சேர்ந்து, 2013-ல், 29 வயதில், முதல்முறையாக ஆஸ்திரேலிய ஜெர்ஸி போட்டார். 2015 உலகக் கோப்பை ஃபைனலில் ஆடினார். அயர்லாந்தின் லென்ஸ்டர் டீமோடு 2018-ல் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையையும் தூக்கினார். 2021-ல் ஆட்டத்தை விட்ட பிறகு பயிற்சியாளராக எங்கே போனார் தெரியுமா? இதே கமாய்ஷிக்கு!

கேட்டதும் எனக்கு எழுந்து நின்று விசில் அடிக்கத் தோன்றியது. ஆனால் அடிக்கவில்லை. வேறொன்று நடுவில் வந்து நின்றது.

நான் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். 2004 டிசம்பர் 26 அன்று, எங்க மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. அம்மா வயிற்றில் நாலு மாசம். 'ஓடினது நான் மட்டுமா, நீயும்தான்' என்று அம்மா சொல்லும். அப்பாயி ஓடவில்லை, ஓட முடியவில்லை. அப்பா பஹ்ரைனில். பாஸ்போர்ட் முதலாளி கையில், டிக்கெட்டுக்குக் காசு இல்லை, ஊரில் யார் இருக்கா யார் இல்லை என்று கேட்க ஒரு போன் கிடைக்கவில்லை. டிவியில் எங்க ஊரைக் காட்டக் காட்டப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வந்து சேர்ந்தது பதினோராம் நாள். அப்பாயியை ஊர்க்காரர்களோடு சேர்த்துப் புதைத்து முடித்திருந்தார்கள். அப்பா இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரு மாசத்தில் மறுபடி பஹ்ரைன் போய்விட்டார், வேற வழி? படகும் இல்லை, வலையும் இல்லை.

அந்நிய ஊரில் போகாமல் நின்ற ஃபார்டியைக் கொண்டாடினால், சொந்த ஊருக்கு வர முடியாமல் நின்ற எங்க அப்பாவை என்ன சொல்வது? இந்தக் கேள்விதான் என்னை விசிலடிக்க விடாமல் தடுத்தது. சென்பாயிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் ஏதோ புரிந்த மாதிரி, கேன் காப்பி வாங்க எழுந்து போய்விட்டார். நல்ல மனுஷன்.

காப்பியோடு வந்து மீதிக் கதையைச் சொன்னார். 2019 உலகக் கோப்பைக்கு ஜப்பான் முழுக்க 12 மைதானங்கள். அதில் புதுசாகக் கட்டியது இது ஒன்றுதான். செப்டம்பர் 25, ஃபிஜியும் உருகுவேயும் ஆடின. 14,025 பேர் பார்த்தார்கள், ஊர் ஜனத்தொகையில் பாதி! ஃபிஜி என்றால் பயங்கர டீம், உருகுவேயை யாரும் சீந்தவில்லை. 30-27 என்று உருகுவே ஜெயித்து அழுதுகொண்டே மைதானத்தைச் சுற்றியது. அடுத்து அக்டோபர் 13, கனடாவும் நமீபியாவும் ஆட வேண்டியது. முந்தின நாள் ஹகிபிஸ் புயல் அடித்து, ஆட்டம் கேன்சல். கனடாக்காரர்கள் என்ன செய்தார்கள்? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, வீட்டுக்குள் புகுந்த சேற்றை அள்ளிப் போட்டார்கள். "இந்த ஊருக்கு வர்ற வெளிநாட்டுக்காரங்க எல்லாருக்கும் நாங்க எப்படியோ மண்வெட்டியைக் கையில குடுத்துடறோம்" என்று சென்பாய் சிரித்தார்.

சீவேவ்ஸ் இப்போதும் பெரிய டீம் ஒன்றும் இல்லை. 2022-ல் லீக் ஒன் ஆரம்பித்தபோது இரண்டாவது டிவிஷனில்தான் இடம் கிடைத்தது. மோவுங்கா மாதிரி ஆள் இங்கே வர மாட்டார், அவ்வளவு சம்பளத்துக்கு இந்த ஊர் தாங்காது. ஆனாலும் கடல் தாண்டி யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

*

உனோசுமாய் பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அப்பாவே வீடியோ கால் பண்ணினார். அங்கே காலை பத்து மணி இருக்கும். ரூமில் வலை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்க தம்பி இருக்க? அம்மா சொல்லுச்சு, ஏதோ சுனாமி வந்த ஊருக்குப் போயிருக்கன்னு."

சொன்னேன். ஸ்டேடியத்தை, பள்ளிக்கூடத்தை, பிள்ளைகள் ஓடியதை. கேமராவைத் திருப்பிச் சுவரைக் காட்டினேன். "நல்லா ஒசரமா கட்டியிருக்கான்" என்றார். அப்புறம் என்னையும் அறியாமல் ஃபார்டி கதைக்கு வந்துவிட்டேன். பாதியிலேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியவில்லை.

"வெளிநாட்டு ஆளுப்பா. வேலைக்கு வந்தவரு. அவங்க நாட்டு ஆபீஸ்ல வா, கூட்டிட்டுப் போறோம்னு சொல்லியும் போகல. இங்கயே நின்னு மூட்டை தூக்கியிருக்காரு."

அப்பா வலையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊசி ரெண்டு தடவை உள்ளே போய் வெளியே வந்தது.

"போன் லைன் இருந்துச்சாமா, அப்ப?"

"இல்லப்பா. எல்லாம் அறுந்துபோச்சு."

"அப்போ அவன் ஊட்டுல டிவி பார்த்துக்கிட்டே கெடந்திருப்பாங்க" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நல்ல புள்ளதான். ஆனா ஆத்தாக்காரிக்கு எப்படியாச்சும் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கணும்."

ரயில் வந்து நின்றது. ரெண்டே பெட்டி. சென்பாய் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏறு, ஏறு. எறங்கினதும் மொதல்ல அம்மாவுக்குப் பேசு" என்று அப்பா போனை வைத்துவிட்டார்.